பெயரற்றவற்றுக்குப் பட்டா இல்லை

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள். மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்பதும், தீங்கு ஐயமற உறுதிப்படும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அதில் அறிவித்தது. அத்தீர்ப்பை இலக்கிய வாசகர்களும் ஒருமுறை வாசிக்கலாம். அதில் பல கணக்குகள் வருகின்றன. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் தேவை. குரோம் முறையில் சுமார் 170 வகை வேதிப்பொருட்கள் பயன்படுகின்றன. தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிருக்கு ஆகாததாகிவிட்டது. திண்டுக்கல் பகுதியின் 13 சிற்றூர்களில் 467 கிணறுகளை ஆராய்ந்ததில் 350 கிணறுகள் கெட்டுப்போயிருந்தன.

நிலம் எண்ணப்பட்டது, கிணறு எண்ணப்பட்டது. தீர்ப்பின் விளைவாக அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001 மார்ச்சில் ஏறத்தாழ 29,000 பேருக்குச் சுமார் 26.8 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டுத் தந்தது. அதுவும் முழுமையாகச் சென்று சேராமல், 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, எஞ்சியவர்களுக்கு ஆறு வாரங்களுக்குள் ஈடு வழங்கி அத்தொகையை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்குமாறு அரசுக்கு ஆணையிட வேண்டியிருந்தது. இந்த நெடிய வரலாற்றில் மனிதருக்கு நேர்ந்த அநீதியைப் பற்றி நம் எழுத்தாளர்களும் களப்பணியாளர்களும் நிறையவே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதை மீண்டும் சொல்வது நம் நோக்கமன்று.

நாம் கவனப்படுத்த விரும்புவது அந்தக் கணக்கில் விடுபட்டுப்போன ஒன்றை. 1996 தீர்ப்பு, பாதிக்கப்பட்டவருக்கு ஈடு தருவதோடு நிற்கவில்லை. சீரழிந்த சூழலை முன்னிருந்த நிலைக்கு மீட்கும் செலவையும் மாசுபடுத்தியவரே ஏற்க வேண்டும் என்றது. முன்னிருந்த நிலை என்பது எது? நீரின் நிறத்தையும் உப்பையும் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த நீரில் என்னென்ன வாழ்ந்தன, அவற்றுள் எவை திரும்பி வந்தால் ஆறு மீண்டது என்று சொல்லலாம் என்ற கேள்விக்கு விடை எங்கே எழுதப்பட்டிருக்கிறது? நீர்ப்பூச்சிகள் குறித்து அத்தீர்ப்பில் ஒரு வரி இல்லை. இது நீதிமன்றத்தின் குறையன்று. எவரும் எழுதிவைக்காததை நீதிமன்றம் வாசிக்க முடியாது. நிலத்துக்குப் பட்டா இருந்தது, கிணற்றுக்கு உடையவர் இருந்தார். பெயரில்லாதவற்றுக்கு யார் மனுக் கொடுப்பது?

ஒரு புதிய சிற்றினத்தைக் கண்டறிந்து விவரித்துப் பெயரிடுவது என்பது விலங்கியல் துறையின் ஒரு மூலையில் நடக்கும் நுணுக்க வேலை என்றே நம் சூழலில் பொதுவாகக் கருதப்படுகிறது. அது ஓர் ஊரின் நினைவைக் காக்கும் அடிப்படைப் பணி என்பதும், வேலூர் - ஆம்பூர் வட்டாரத்தில் அது இனியும் தள்ளிப்போடக் கூடாதது என்பதும் நம் கருத்து. அதை ஒரு சின்னஞ்சிறு பூச்சியின் வழியாகச் சொல்லிப் பார்க்கிறோம்.

*

ஆங்கிலத்தில் 'ஸ்டோன்ஃபிளை' என்று வழங்கும் பூச்சியைத் தமிழில் கல் ஈ என்று சொல்லலாம். பெயர்தான் ஈயே தவிர, இது ஈயின் வகையன்று. ஈக்கு இரண்டு இறக்கை, இதற்கு நான்கு. இதன் வரிசையின் அறிவியற் பெயர் பிளெக்காப்டெரா. மடித்த இறக்கை என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆனது அது. ஓய்வில் இருக்கும்போது பின்னிறக்கையை விசிறிபோல் மடித்து முன்னிறக்கையின் கீழ் வைத்துக்கொள்வதால் வந்த பெயர். இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இவ்வரிசை உலகில் இருக்கிறது என்பதைப் புதைபடிவங்கள் காட்டுகின்றன. இன்று அறியப்பட்டுள்ள சிற்றினங்கள் 3,500க்கும் மேல்.

இதன் வாழ்க்கையில் பெரும்பகுதி நீருக்கடியில் கழிகிறது. ஓடும் நீரில் கிடக்கும் கற்களின் அடிப்புறத்தில் இளவுயிரியாகப் பற்றிக்கொண்டு, பலமுறை தோலுரித்து வளர்கிறது. காலின் முனையில் இரண்டு கொக்கிகள், உடலின் முனையில் இரண்டு வால் இழைகள். இந்த இரண்டு அடையாளங்களைக் கொண்டு ஓடையோரத்திலேயே இதைப் பெரும்பாலும் இனங்கண்டுவிடலாம். வளர்ச்சி முற்றியதும் கரைக்கல்லின் மீது ஏறி, கடைசித் தோலை உரித்துப் போட்டுவிட்டு இறக்கையோடு வெளிவருகிறது. அதன்பின் வாழ்வது சில நாட்களோ வாரங்களோதான். நீரில் கரைந்திருக்கும் உயிர்வளி குறைந்தால் இளவுயிரி உடலை மேலும் கீழும் அசைத்துத் தன்மீது நீரோட்டத்தை உண்டாக்கிக்கொள்ளப் பார்க்கும். இன்னும் குறைந்தால் மடிந்துபோகும். கழிவு கலந்த நீரிலிருந்து முதலில் விடைபெறும் உயிர்களில் இது ஒன்று.

இந்தக் காரணத்தால்தான் ஆறுகளின் நலத்தை அளப்பவர்கள் இதைத் தேடுகிறார்கள். 1970களின் பிற்பகுதியில் பிரிட்டனில் உருவான ஒரு மதிப்பீட்டு முறை, நீர்வாழ் சிற்றுயிர்க் குடும்பங்களுக்கு ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் தருகிறது. கல் ஈக்களின் பல குடும்பங்களுக்குப் பத்து. சேற்றில் நெளியும் கடிக்காக் கொசுவின் புழுக்களுக்கு இரண்டு. நீர்மண்புழுக்களுக்கு ஒன்று. வேதியியல் சோதனைக்கு ஒரு புட்டி நீர் எடுக்கிறோம் என்றால் அது அந்த நேரத்து நீரைப் பற்றி மட்டுமே பேசும். கழிவை இரவில் திறந்துவிட்டுப் பகலில் மூடிவிட்டால் புட்டி ஏமாந்துபோகும். கல்லுக்கடியில் மாதக்கணக்கில் இருந்து வளர வேண்டிய பூச்சி ஏமாறாது. அது அங்கே உயிரோடிருந்தால், அத்தனை நாளும் நீர் நன்றாக இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

*

2007ஆம் ஆண்டில் 'அக்வாடிக் இன்செக்ட்ஸ்' என்னும் ஆய்விதழில் தமிழ்நாட்டிலிருந்து ஒரு புதிய கல் ஈ விவரிக்கப்பட்டது. பெயர் நியோபெர்லா பைசெரியாட்டா. விவரித்தவர்கள் மூவர். ஒருவர் இவ்வரிசையை ஆராய்வதில் உலகறிந்த ஜெர்மானிய அறிஞர் பீட்டர் ஸ்விக். மற்ற இருவர் மதுரைக் கல்லூரியின் நீர்ப்பூச்சி ஆய்வு மையத்தைச் சேர்ந்த ச. அன்பழகனும் சு. தினகரனும். இவ்விருவரும் தென் மேற்குத் தொடர்ச்சி மலையின் 6 ஓடைகளில் மனிதச் செயல்களால் நீர்ப்பூச்சிகளுக்கு நேரும் பாதிப்பை ஆராய்ந்த கட்டுரை ஒன்றையும் அதே ஆண்டில் வெளியிட்டார்கள். இரண்டும் தொடர்புடைய வேலைகள். என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவரால்தான் என்ன குறைகிறது என்றும் சொல்ல முடிகிறது.

புதிய சிற்றினம் என்று அறிவிப்பது எளிதன்று. நியோபெர்லா என்னும் பேரினத்தில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. பார்வைக்கு அவை ஒன்றுபோலவே பழுப்பாகவும் மஞ்சளாகவும் இருக்கும். இரவில் ஓடையோரம் வெள்ளைத்துணி கட்டி, விளக்கு வைத்து, அதற்கு வரும் பூச்சிகளைச் சாராயக் கரைசலில் இட்டுப் பாதுகாக்க வேண்டும். ஆண் பூச்சியின் வயிற்று நுனியைத் தனியே எடுத்து, காரக் கரைசலில் இட்டுத் தசையைக் கரைத்து, உள்ளே மடிந்திருக்கும் இனப்பெருக்க உறுப்பை மெல்ல வெளியே விரிக்க வேண்டும். அதன் மேலுள்ள நுண்முட்களின் அமைப்பும் அடுக்கும்தான் ஒரு சிற்றினத்தை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன. முட்டையின் ஓட்டிலுள்ள கோலங்களையும் பார்ப்பதுண்டு. பிறகு உருப்பெருக்கியின்கீழ் வைத்து வரைய வேண்டும். இதற்குமுன் உலகின் வெவ்வேறு மூலைகளில் விவரிக்கப்பட்ட ஒவ்வொன்றோடும் ஒப்பிட வேண்டும். சில சமயம் நூறாண்டுக்கு முன்னர் எழுதப்பட்ட நான்கு வரிக் குறிப்பைத் தேடியும், தொலைதூர அருங்காட்சியகத்தில் ஊசியில் குத்திவைக்கப்பட்ட ஒற்றைப் பூச்சியைத் தேடியும் போக வேண்டியிருக்கும். இவையெல்லாம் முடிந்து, வேறு எதனோடும் இது பொருந்தவில்லை என்று தெளிந்த பிறகுதான் பெயர். அப்பெயருக்கு ஆதாரமாக ஒரு தனிப் பூச்சி மூல வகைமாதிரி என்று குறிக்கப்பட்டு ஓர் அருங்காட்சியகத்தில் வைக்கப்படுகிறது. நாளை எவருக்கேனும் ஐயம் எழுந்தால் அந்த மாதிரியிடம் திரும்பிச் செல்லலாம்.

இந்த நடைமுறையை வாசிக்கும் தமிழ் மாணவர் எவருக்கும் இது அந்நியமாகத் தோன்றாது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிப்பதற்கு முன் உ.வே. சாமிநாதையர் செய்ததும் ஏறத்தாழ இதையே. ஊர் ஊராகச் சென்று ஏடு தேடுவது, கிடைத்த பிரதிகளை ஒப்பிடுவது, பாடபேதங்களைக் குறிப்பது, எழுத்துப் பிழை எது, உண்மையான வேறுபாடு எது என்று பிரித்தறிவது. பூச்சியை ஆராய்பவரும் இதையேதான் கேட்கிறார். இந்த முள் இந்த ஒரு பூச்சியிடம் மட்டும் தற்செயலாக வளைந்திருக்கிறதா, அல்லது இந்த இனத்துக்கே இது இயல்பா? பொறுமையும் கறாரும் இரண்டுக்கும் பொது. நம் துறைக்கு அடிப்படையாக இருக்கும் அந்தப் பண்பை வேறொரு துறையில் காணும்போது நாம் உறவு கொண்டாடியிருக்க வேண்டும். மாறாக, பூச்சி பிடிப்பவர்கள் என்று புன்னகையோடு கடந்துபோகிறோம்.

ஒப்புமை இன்னும் ஒரு படி நீள்கிறது. வளையாபதி நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை, குண்டலகேசியும் அவ்வாறே. ஆயினும் அவற்றை இழந்தோம் என்பது நமக்குத் தெரியும். காரணம், உரையாசிரியர்களும் திரட்டு நூல்களைத் தொகுத்தவர்களும் அவற்றின் பெயரையும் சில பாடல்களையும் விட்டுச் சென்றார்கள். அந்தப் பெயர்கள் இல்லையென்றால் நம் இலக்கிய வரலாற்றில் அங்கே ஒரு வெற்றிடம் இருப்பதே தெரிந்திராது. பெயர் இருந்தால்தான் இழப்பும் இழப்பாகத் தெரிகிறது.

ஐரோப்பாவின் ரைன் நதிக்கு இது நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டுப் பூச்சியியலாளர்கள் பெரிய ஆறுகளின் கரையில் பூச்சிகளைச் சேகரித்து, விவரித்து, பெயரிட்டு, அருங்காட்சியகங்களில் வைத்தார்கள். பின்னர் ஆலைக் கழிவும் அணைகளும் கரை கட்டும் வேலைகளும் வந்தன. இருபதாம் நூற்றாண்டில் ரைனிலிருந்து கல் ஈக்களில் சிலவும், நீள்வாலுடைய ஒரு பெரிய ஒருநாள் பூச்சியும் மறைந்தன. 1986 நவம்பர் 1 அன்று பாசல் நகரில் வேதிப்பொருள் கிடங்கு ஒன்று தீப்பிடித்து நஞ்சு ஆற்றில் கலந்ததற்குப் பின்னர், நதியை மீட்கும் பணியில் கரையோர நாடுகள் தீவிரமாக இறங்கின. அப்போது பழைய பட்டியல் அவர்கள் கையில் இருந்தது. எது போயிற்று, எது திரும்பியது, எது இனித் திரும்பாது என்று பெயர் சொல்லிக் கணக்கெழுத முடிந்தது. பாலாற்றுக்கு அத்தகைய கணக்கை எழுத வேண்டுமென்றால் எந்தப் பட்டியலை விரிப்பது?

*

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பாலாறு மணல் ஆறு. ஆண்டின் பெரும்பகுதி மேலே வறண்டு, மணலுக்கடியில் ஓடும் நதி அது. கல்லும் வேகமும் குளிர்ச்சியும் வேண்டும் கல் ஈக்கு அந்த மணற்படுகை உரிய வீடன்று. ஆகவே தோல் தொழிற்சாலைகள் பாலாற்றிலிருந்து கல் ஈயை விரட்டிவிட்டன என்று நாம் சொல்லவில்லை. உணர்ச்சிக்கு ஏற்றவாறு உண்மையை வளைத்தால் நம் வாதமே செல்லாதாகிவிடும். மணற்படுகைக்கு அதற்குரிய வேறு உயிர்கள் உண்டு. மணலைத் துளைத்து வாழும் ஒருநாள் பூச்சியின் இளவுயிரிகள், தும்பியின் இளவுயிரிகள், சிப்பிகள், நத்தைகள், நிலத்தடி நீரில் மட்டுமே வாழும் நுண் ஓட்டுடலிகள் ஆகியவை பொதுவாக இத்தகைய ஆறுகளில் எதிர்பார்க்கத்தக்கவை. அவை ஆம்பூருக்கு மேலும் கீழும் எவ்வெவை என்பதே கேள்வி.

அந்தக் கேள்வி கேட்கப்படாமலே காலம் போய்விட்டது. இவ்வட்டாரத்தில் நெடுங்காலம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டே தோல் பதனிட்டார்கள். 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஏற்று, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுமையாகப் பதனிட்ட தோலும் தோற்பொருளும் செய்தாக வேண்டிய நிலையில் குரோம் முறை விரைவாகப் பரவியது. அன்னியச் செலாவணி வந்தது, வேலை வந்தது, கூடவே குரோமியமும் உப்பும் நிலத்தடி நீரில் இறங்கின. 1975இல் ராணிப்பேட்டையில் தொடங்கப்பட்டுப் பின்னர் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் இலட்சக்கணக்கான டன் அளவில் அங்கேயே தேங்கியது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் மாண்டார்கள். கணக்கில் வராத உயிர்களைப் பற்றிப் பேசும் கட்டுரையில் இந்தப் பத்துப் பேரை மறந்துவிட்டுப் பேச முடியாது.

ஆற்றின் பழைய பட்டியலை இனி முழுமையாக எழுத இயலாது. ஆனால் ஆற்றுக்கு நீர் தரும் மலைகள் இன்னும் இருக்கின்றன. சவ்வாது மலையிலிருந்து இறங்கும் அமிர்தி ஓடை, ஏலகிரியின் சரிவில் ஜலகாம்பாறை அருவியாக விழும் நீர், மோர்தானாவுக்கு மேலுள்ள காட்டோடைகள் எல்லாம் தோல் தொழிற்சாலைகளுக்கு மேலே இருப்பவை. கல்லும் நிழலும் ஓட்டமும் உள்ள இடங்கள். பருவத்தில் ஓடிக் கோடையில் ஒடுங்கும் ஓடைகளாயினும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. கல் ஈக்களில் சில இனங்களின் முட்டைகள் நீர் வற்றிய காலத்தையும் தாங்கிக் கிடப்பதை வேறு நாடுகளில் பதிவு செய்திருக்கிறார்கள். தேட வேண்டிய இடம் இதுவே. இன்று அங்கே எழுதப்படும் பட்டியல், நாளை கீழே உள்ள ஆறு மீளும்போது எவ்வெவை இறங்கி வரக்கூடும் என்பதற்கான கைக்குறிப்பாகும்.

இதே சவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1988இல் அங்கிருந்து கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோள் ஒன்றுக்குக் கணித மேதை இராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் சுற்றும் ஒரு பாறைக்கு இந்த மலையிலிருந்து பெயர் கொடுத்திருக்கிறோம். அது பெருமைக்குரியதுதான். அதே மலையின் ஓடையில், கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும் கல்லைப் புரட்டிப் பார்க்கவும் அதே அளவு அக்கறை வேண்டும் என்கிறோம்.

*

மறுப்புகள் எழும் என்பதை அறிவோம். முதலாவது, பிழைப்பு பற்றியது. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் காலணித் தொழிற்சாலைப் பேருந்துகளில் காலையில் ஏறும் பெண்களின் கூலியால் உண்ணும் குடும்பங்கள் எத்தனையோ. அங்கே போய்ப் பூச்சியின் பெயரைப் பற்றிப் பேசுவது மேட்டிமைத்தனம் அன்றோ என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் அந்தப் பெண்களின் வீட்டுக் கிணறும் அந்த ஓடையும் ஒரே நீரால் ஆனவை. நீர் கெட்டது என்பதை ஆய்வுக்கூட அறிக்கை வருமுன்னே சொல்லக்கூடிய ஓர் உயிரை அறிந்து வைத்திருப்பது, பணம் கொடுத்து நீர் வாங்க முடியாதவர்களுக்குத்தான் முதலில் பயன்படும். ஒரு வலை, ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு கைலென்சு, கூடவே உள்ளூர்ப் பூச்சிகளை விவரிக்கும் தமிழ்க் கையேடு ஒன்று இருந்தால், பள்ளிப் பிள்ளைகளே தங்கள் ஊர் நீருக்கு மதிப்பெண் போடலாம். அக்கையேட்டை எழுத முதலில் பூச்சிகள் விவரிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு, இது வல்லுநர் வேலை, நமக்கென்ன என்பது. வல்லுநர் வேலைதான். ஆனால் மதுரையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையிலிருந்து அது நடந்திருக்கிறது. வேலூரில் 1898 முதல் ஊரிஸ் கல்லூரி இருக்கிறது, வாணியம்பாடியில் 1919 முதல் இசுலாமியக் கல்லூரி இருக்கிறது, திருப்பத்தூரில் 1951 முதல் தூய நெஞ்சக் கல்லூரி இருக்கிறது. தோல் வணிகர்களின் கொடையால் எழுந்து வளர்ந்த கல்விக்கூடங்கள் இவ்வட்டாரத்தில் உண்டு என்பதையும் நினைவூட்டலாம். கல்விக்குக் கொடுத்த கை, தன் தொழிலால் கெட்ட ஆற்றின் பதிவேட்டுக்கும் கொடுக்கட்டும். தொழிலை மூடச் சொல்லும் கோரிக்கையன்று இது. ஓர் உருப்பெருக்கியும், சில ஆண்டுகள் தொடர்ந்து களம் செல்ல உதவித்தொகையும், மாதிரிகளைக் காக்க ஓர் அறையும் மட்டுமே கேட்கிறோம்.

தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை என்றால், நிறையவே உண்டு. விலங்குப் பெயரீட்டுக்கான பன்னாட்டு விதிகளின்படி பெயர் இலத்தீன் எழுத்தில் அமைய வேண்டும். விவரணை இன்ன மொழியில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பரவலாக வழங்கும் மொழியில் இனவேறுபாட்டுக் குறிப்புத் தருமாறு பரிந்துரை மட்டுமே உண்டு. ஆங்கில விவரணையோடு தமிழ் விவரணையும் சேர்ந்து வெளிவருவதற்குத் தடையாக இருப்பது நம் தயக்கம் ஒன்றே. இறக்கை நரம்பின் கிளைப்பையும் முள்ளின் வளைவையும் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லக்கூடிய தமிழ் உரைநடையை உருவாக்குவது, எந்தக் கவிதைப் பட்டறைக்கும் குறைந்த பயிற்சியன்று. சவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களிடம் ஓடையின் சிற்றுயிர்களுக்கு என்னென்ன சொற்கள் வழங்குகின்றன என்று கேட்டுக் குறிப்பதும் நம் மாணவர்களுக்குரிய களப்பணியே. தொல்காப்பிய மரபியல் நண்டையும் தும்பியையும் நான்கறிவுயிர் என்று வகுத்தது. விலங்குகளின் இளமைக்குப் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை என்று தனித்தனிப் பெயர்களைத் தொகுத்து வைத்தது. எந்த உயிருக்கு எந்தச் சொல் என்று கறாராகக் கேட்ட அந்த மரபை உரைகளோடு பாடம் நடத்துகிறோம். அதைத் தொடர்வது குறித்து மட்டும் யோசிப்பதில்லை.

இறுதியாக நம் இலக்கியத்தைப் பற்றி ஒரு சொல். பாலாற்றைப் பற்றிய இரங்கற்பாக்களுக்குக் குறைவில்லை. ஆறு செத்துவிட்டது, தாய் வறண்டுவிட்டாள், மணலை அள்ளிவிட்டார்கள் என்று ஆண்டுதோறும் சிற்றிதழ்களில் கவிதைகள் வருகின்றன. அவற்றின் துக்கம் பொய்யன்று. ஆனால் அந்தக் கவிதைகளில் ஆற்றின் பெயரை மட்டும் மாற்றிவிட்டால் நொய்யலுக்கும் கூவத்துக்கும் அப்படியே பொருந்திவிடும். அங்கே வாழ்ந்த ஓர் உயிரின் பெயர் கூட அவற்றில் இல்லை. சங்கப் பாடல்களில் நிலம் பொதுப்பெயராக வருவதில்லை. இன்ன பூ, இன்ன பறவை, இன்ன மீன் என்று தனித்துச் சுட்டப்படுகிறது. அதனால்தான் அவ்விலக்கியத்தின் துயரம் ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நம்மைத் தொடுகிறது. எவரென்று தெரியாதவருக்காக நெடுநேரம் அழ இயலாது.

நியோபெர்லா பைசெரியாட்டா என்ற பெயரில் பைசெரியாட்டா என்பதற்கு இருவரிசையுடைய என்று பொருள். அலங்காரம் ஏதுமில்லாத பெயர். அந்தப் பெயர் கிடைத்ததால் அப்பூச்சிக்கு ஓர் இடம் உறுதியாகிவிட்டது. அது வாழும் ஓடைக்கு நாளை ஏதேனும் நேர்ந்தால், இங்கே இன்னது இருந்தது என்று எவரேனும் ஒருவர் பெயர் சொல்லி எழுந்து நிற்க முடியும். வேலூர் மலைகளின் ஓடைக் கற்களுக்கடியில் இருப்பவற்றுக்கும் அந்த உரிமை உண்டு. அதைப் பெற்றுத் தர நீதிமன்றம் போக வேண்டியதில்லை. அடுத்த மழைக்குப்பின் விலங்கியல் துறையும் தமிழ்த்துறையும் சேர்ந்து ஒரு வலையோடும் ஒரு குறிப்பேட்டோடும் மலையேறினால் போதும்.